பல்லும் பணமும்

(மூன்றாம் ஆண்டு, பி.ஏ. பொருளாதாரம்)

முன்னுரை

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் முன்னோர் வழங்கிச் சென்ற பழமொழி. பல் போவதற்கு முன்பே கைப்பணம் போகும் என்பதையும், கைப்பணம் இல்லாத வீட்டில் உயிருக்கே அச்சம் நேரும் என்பதையும் சென்ற ஆடித் தபசை ஒட்டி எங்கள் வீட்டிலேயே கண்டேன். வகுப்பறையில் நாம் பயிலும் வருமானம், செலவு, கடன், வட்டி ஆகிய பாடங்கள் அனைத்தும் ஒரு கடைவாய்ப் பல்லுக்குள் அடங்கிக் கிடப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். தக்க காப்பீடு இல்லாத குடும்பம் அவசரப் பல் சிகிச்சையை எங்ஙனம் சமாளிப்பது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் தந்தையார் சங்கரன்கோவிலில் விசைத்தறித் தொழிலாளி. சனிக்கிழமைதோறும் கூலி. தறி ஓடினால் பணம் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. குளிர்ந்த நீர் குடித்தால் பல் கூசுகிறது என்று அவர் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. தபசுத் திருநாளுக்குச் சில நாட்கள் முன்பு கூச்சம் வலியாயிற்று. கிராம்பை வைத்து அழுத்தினார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார். பாட்டி கோவில் புற்றுமண்ணைக் குழைத்துக் கன்னத்தில் பூசினார். நான்காம் நாள் வலி அடியோடு நின்றுவிட்டது. "வலி நின்னுட்டுல்லா, இனி ஒண்ணும் செய்யாது" என்று அம்மா மகிழ்ந்தார். நாங்களும் நம்பினோம்.

இருபது நாட்கள் கழித்து ஒரு விடியற்காலையில் அப்பாவின் கன்னம் வீங்கியிருந்தது. காய்ச்சலும் இருந்தது. தனியார் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேர் சிகிச்சையும் மேலுறையும் சேர்த்து 7,500 ரூபாய் ஆகும் என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டினார். "அண்ணாச்சி, பல்லுக்கு இது செல்லாதே" என்றார் அங்கிருந்த பணியாளர். அப்பா ஒன்றும் பேசாமல் அட்டையைத் திரும்ப வாங்கி, கசங்காமல் பைக்குள் வைத்துக்கொண்ட காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

காப்பீடு ஏன் கைகொடுக்கவில்லை?

தமிழகத்தில் 2009-இல் தொடங்கிய அரசு மருத்துவக் காப்பீடு, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடைபெறுகிறது. இதய அறுவை, சிறுநீரகச் சிகிச்சை போன்ற பெருஞ்செலவுகளிலிருந்து எத்தனையோ குடும்பங்களை அது காத்துள்ளது. ஆனால் இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுக்கை பெற்றவரைக் கருதி அமைந்தவை. பல் நோயாளியோ நாற்காலியில் உட்கார்ந்து சிகிச்சை பெற்று அன்றே வீடு திரும்புபவர். ஆகவே சொத்தை அடைப்பதும், வேர் சிகிச்சையும் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. விலைக்கு வாங்கும் தனியார் காப்பீட்டிலும் விபத்தில் உடைந்த பல்லுக்கு இடமுண்டு. சொத்தைப் பல்லுக்குப் பெரும்பாலும் இடமில்லை.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமாகிய இ.எஸ்.ஐ.யில் பல் சிகிச்சை உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த அத்திட்டம் பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே உரியது. நான்கைந்து பேரை வைத்து ஓடும் தறிக்கூடத்துக்கு அது எட்டுவதில்லை.

என் தாத்தா கைத்தறி நெசவாளர். மத்திய அரசு 2005-06-இல் நெசவாளர்களுக்கென ஒரு சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை சிகிச்சை. அதில் பல்லுக்கென்று ஒரு வரி இருந்தது. தொகை 250 ரூபாய். அத்திட்டம் இன்று அவ்வுருவில் இல்லை. எனினும் பல்லையும் உடம்பின் உறுப்பாக எண்ணி ஒரு வரி எழுதினார்களே என்று நான் மகிழ்ந்தேன்; அந்தத் தொகையைக் கண்டு வருந்தினேன்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1948-இல் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியபோது பல் சிகிச்சையும் இலவசமாகவே இருந்தது. கூட்டம் பெருகிச் செலவு ஏறியதால் 1951-இல் பொய்ப்பற்களுக்குக் கட்டணம் விதிக்க முடிவாயிற்று. அப்பணியை நிறுவிய அனூரின் பெவன் அதைக் கண்டித்து அமைச்சர் பதவியைத் துறந்தார். ஆயினும் மறு ஆண்டே பல் சிகிச்சைக்கும் கட்டணம் வந்துவிட்டது. செல்வம் மிக்க நாட்டிலும் கட்டணத்துக்கு முதலில் இலக்கானவற்றுள் பல்லும் ஒன்று.

நோய் வளரும் விதம்

நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலை அரிக்கும். இந்நிலையில் வலி இல்லை. குழி உள்ளடுக்கை எட்டும்போது கூச்சம் தோன்றும். நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழை எட்டும்போது தாங்கொணா வலி. பின்னர் பற்கூழ் செத்துவிடும், வலியும் நின்றுவிடும். எங்கள் வீட்டில் நாங்கள் மகிழ்ந்தது அந்த நாளில்தான்! நோய் தீர்ந்ததால் வலி நிற்கவில்லை. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு செத்ததால் நின்றது. உள்ளே சீழ் வேர் வழியாகத் தாடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

கிராம்பில் உள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்யும் என்பது உண்மை. பல் மருத்துவரும் அதைப் பயன்படுத்துவதுண்டு. மாத்திரை வீக்கத்தைச் சிறிது தணிக்கும். புற்றுமண் பாட்டியின் நம்பிக்கை. அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் இம்மூன்றில் எதுவும் உள்ளே கட்டிய சீழுக்கு வழி திறந்துவிடாது.

வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, கண்ணருகே ஏறினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கடினமானாலோ, அது பல்வலி அன்று, உயிர் ஆபத்து. லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836-இல் விவரித்த கழுத்து வீக்க நோய் பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்தே தொடங்குகிறது. அந்நிலையில் பணத்தை எண்ணாமல், இரவானாலும் பெரிய அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நீரிழிவு உள்ளவர் மேலும் விரைய வேண்டும்.

கடன் கணக்கு

7,500 ரூபாயைப் பத்து வட்டிக்குத் தர ஒருவர் முன்வந்தார். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். மாத வட்டி 750. பத்து மாதத்தில் வட்டி மட்டும் 7,500. அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003-இலேயே வந்துவிட்டது. ஆயினும் வீங்கிய கன்னத்தோடு நிற்பவனுக்குச் சட்டம் நினைவுக்கு வருவதில்லை. நான் இக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். அப்பா கடன் வாங்கவில்லை.

அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குச் சென்றோம். சீழை வெளியேற்றி, மருந்து கொடுத்து, வீக்கம் தணிந்தபின் பல்லை எடுத்தார்கள். கட்டணம் இல்லை. இழந்தது இரண்டு நாள் கூலியும் ஒரு பல்லும். கூச்சம் தொடங்கிய அன்றே போயிருந்தால் அடைத்தே காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

செய்யத் தக்கவை

முதலாவதாக, மருத்துவரிடம் "இன்றே செய்ய வேண்டியது எது? பொறுத்துச் செய்யக் கூடியது எது?" என்று கேட்க வேண்டும். சீழை அகற்றுவது இன்றைய வேலை. வேர் சிகிச்சை பல தடவையாக நடப்பது. தடவைக்குத் தடவை பணம் கட்ட இயலுமா என்று கேட்பதில் வெட்கமில்லை. உறையிலும் உலோகத்துக்கு ஒரு விலை, பீங்கானுக்கு ஒரு விலை உண்டு.

இரண்டாவதாக, அரசு மருத்துவமனையை முதலிலேயே நாட வேண்டும். பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. சென்னையில் 1953-இலும், புதுக்கோட்டையில் 2023-இலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை செய்கின்றனர். காலம் சற்றுக் கூடுதலாகும், பல் பிழைக்கும்.

மூன்றாவதாக, வாரம் 20 ரூபாய் எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 1,040 ரூபாய் சேரும். வேர் சிகிச்சைக்கு அது போதாது. சிறு குழியை அடைக்க உதவும். குழி சிறிதாயிருக்கும்போதே செலவழிப்பதுதான் சிக்கனம்.

முடிவுரை

பல் நோயின் விலை அன்றாடம் ஏறும் விலை. ஏழை பணத்துக்காகக் காத்திருக்கிறான். காத்திருப்பதாலேயே பணம் அதிகமாகிறது. படுக்கையில் விழுந்தபின் திறக்கும் காப்பீடு, நாற்காலியில் அமரும்போதே திறக்குமாயின் அரசுக்கும் செலவு குறையும். அதுவரை நாம் செய்யக் கூடியது ஒன்றுண்டு. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், இரத்த அழுத்தம் பார்ப்பதைப் போலவே தறித் தெருக்களில் ஒரு நாள் பல் பரிசோதனையும் நடத்தலாம். வலி இல்லாத குழியைக் கண்டு சொல்வதே பெரிய தொண்டு.

இப்போது அப்பா இடப்புறமாக மென்று உண்கிறார். குளிர்ந்த நீர் கூசுகிறது என்று சென்ற மாதம் தங்கை சொன்னாள். மறுநாள் காலையே அவளை அழைத்துச் சென்றோம்.