இரண்டாம் நாயனக்காரருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆடி பிறந்துவிட்டதால் உனக்கு எழுத நேரம் இருந்திருக்கிறது, எனக்கும் பதில் எழுத நேரம் இருக்கிறது. உன்னைப் போல மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் முடித்துவிட்டு, ஏதோ ஒரு செட்டில் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உன் பேரோ ஊரோ இதில் வராது, பயப்படாதே.

நீ சுற்றி வளைத்து எழுதினாலும் கேட்டது ஒன்றுதான். இன்னும் எத்தனை வருஷம் இரண்டாம் நாயனமாகவே ஊதிக்கொண்டிருப்பது, தனி செட் போட்டுவிடலாமா? தவிலுக்கு ஆள் தயார், வண்டி வைத்திருக்கிற சிநேகிதன் தயார், ஃபேஸ்புக்கில் பக்கம்கூடத் தயார் என்கிறாய். எல்லாம் சரி. கல்யாணி அரை மணி நேரத்துக்குத் தயாரா?

கோபித்துக்கொள்ளாதே. இரண்டாம் நாயனத்தின் வேலை வெளியாட்களுக்குத் தெரியாது. பெரியவர் வாசிக்கிறார், பக்கத்தில் இன்னொருத்தரும் ஊதுகிறார், அவர்கள் கண்ணுக்கு அவ்வளவுதான். உனக்குத் தெரியும். ஆலாபனையில் பெரியவர் ஒரு பிடியை உருட்டிக்கொண்டு வந்து பஞ்சமத்தில் நிறுத்துகிறார். அவர் மூச்சு வாங்குகிற அந்த இடைவெளியில் நீ அதே பஞ்சமத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் எந்த அழுத்தத்தில் விட்டாரோ அதே அழுத்தம். கூடினால் முந்திரிக்கொட்டை என்பார்கள், ஒரு இழை இறங்கினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அவர் திரும்ப எடுக்கும்போது நீ இருந்த சுவடு தெரியாமல் விலக வேண்டும். கீர்த்தனையில் சங்கதிக்குச் சங்கதி கூடவே போக வேண்டும். அவருக்கு உதடு அசந்துபோனால் சரணத்தை நீயே தாங்க வேண்டும். இதற்கெல்லாம் அவர் எங்கே திரும்பப்போகிறார் என்பது அவர் திரும்புவதற்கு அரை மூச்சு முன்னாலேயே உன் காதுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தக் காதை எந்தப் பாடத்திட்டமும் தராது. கையில் சம்பளமும் கொடுத்து அதைக் கற்றுத் தருகிற இடம் பெரியவர் உட்கார்ந்திருக்கும் ஜமக்காளம் ஒன்றுதான்.

காருகுறிச்சி அருணாசலம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராக இருந்து, அவருக்கு இரண்டாம் நாயனம் வாசித்தவர். அது சாமானிய வேலையில்லை. ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் எங்கே நுழைந்து எங்கே வெளியே வருவார் என்று பக்கத்தில் இருப்பவர் கணக்குப் போட முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து காருகுறிச்சியார் குருவின் பிடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு வரவில்லை, ஒரு ராகத்தைப் பதறாமல் விரிக்கிற தைரியத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தார். 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’ வந்தது. எஸ். ஜானகியின் குரலும் அவர் நாயனமும் போட்டி போட்ட அந்த ஆபேரிப் பாட்டு, சங்கீதமே தெரியாத வீடுகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. 1964-இல் அவர் போய்விட்டார். நாற்பது சொச்சம் வயசு. சீக்கிரம் மேலே வர வேண்டும் என்று அவசரப்பட யாருக்காவது நியாயம் இருந்தது என்றால் அவருக்குத்தான் இருந்தது. பாவம், அது அவருக்குத் தெரியாது.

ஷேக் சின்ன மௌலானா சாகிபின் கதை இன்னும் எனக்குப் பிடிக்கும். ஆந்திராவில் கரவதி என்ற ஊர், தலைமுறை தலைமுறையாக நாயனம் வாசித்த குடும்பம். அங்கேயே பேரோடு இருந்திருக்கலாம். ஆனால் தஞ்சாவூர்ப் பாணி மேல் மனசு போய்விட்டது. நாச்சியார்கோயிலில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்து மறுபடியும் சிஷ்யராகச் சேர்ந்தார். வாசிக்கத் தெரிந்தவர் திரும்பப் போய்ப் பாடம் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பார். பிறகு ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்துவிட்டார். சங்கீத கலாநிதி விருது 1998-இல், அவருக்கு எழுபது தாண்டிய பிறகு கிடைத்தது. மறு வருஷம் காலமானார். விருதுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மாதிரி அவர் வாசிப்பு ஒரு நாளும் இருந்ததில்லை.

இதையெல்லாம் சொல்வதால், எந்தப் பெரியவரிடமும் காலத்துக்கும் ஒட்டிக்கொண்டிரு என்று அர்த்தம் இல்லை. எல்லாரும் ராஜரத்தினம் பிள்ளையாகிவிட முடியாது. போன முகூர்த்த சீசன் முழுக்க உன் பெரியவரிடமிருந்து புதிதாக ஒரு மல்லாரியாவது, ஒரு ராகத்தில் நாலு பிடியாவது உன் கைக்கு வந்ததா என்று பார். வந்திருந்தால் இரு. ஒன்றும் வரவில்லை, காசும் ஒழுங்காக வரவில்லை என்றால் கிளம்பு. அங்கே பொறுமை என்று பேர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வெறும் சோம்பல். நம் ஆட்கள் நிறையப் பேருக்கு இந்த வியாதி உண்டு.

கல்யாணத்தில் யாருமே கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். நிஜம்தான். வீடியோக்காரரின் விளக்கு ஒரு பக்கம், செண்டை மேளம் வாசலில், டிபன் பந்திக்கு ஓட்டம் ஒரு பக்கம். தூணோரம் நாற்காலியில் யாராவது ஒரு பாட்டி மட்டும் தலையாட்டிக்கொண்டிருப்பார். நிஷாதத்தில் அந்தரத்தில் நின்றுகொண்டிருக்கும்போது சாஸ்திரிகள் கையைத் தூக்குவார், கெட்டிமேளம்! ராகத்தை அப்படியே போட்டுவிட்டுப் பாய வேண்டியதுதான்.

ஆனால் யாரும் கேட்காத இடம் நமக்கு எவ்வளவு பெரிய வசதி என்று நீ யோசிக்கவில்லை. சபா மேடையில் புதுப் பிடி ஒன்றைப் போட்டுப் பார்த்து அது கவிழ்ந்தால் முன் வரிசையில் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மண்டபத்தில் விடியற்காலையிலிருந்து முகூர்த்தம் வரைக்கும் கரகரப்பிரியாவை எப்படி வேண்டுமானாலும் புரட்டிப் பார். கவிழ்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? வீட்டில் அவ்வளவு நேரம் ஊதினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இங்கே காசு கொடுத்து, காபியும் கொடுத்து ஊதச் சொல்கிறார்கள்.

நம் வாத்தியத்தின் ராக ஆலாபனை இவ்வளவு நீளமும் அகலமுமாக வளர்ந்ததே அப்படித்தான், தம்பி. கம்பீர நாட்டையில் மல்லாரியோடு சுவாமி புறப்பட்டால் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வர விடிந்துவிடும். ஒரு ராகத்தை வீதிக்கணக்கில் வாசித்தார்கள். திண்ணையில் படுத்திருந்தவர்களில் பாதிப்பேர் தூக்கம். வித்வான் பாட்டுக்குத் தனக்காகவும் சுவாமிக்காகவும் தேடிக்கொண்டே போனார். செம்மங்குடி சீனிவாச ஐயர் மாதிரிப் பெரிய பாடகர்களின் ஆலாபனையில் நாயனத்தின் வாடை அடிக்கிறதே, அது அந்த வீதிகளிலிருந்து போனதுதான்.

மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் துண்டுச் சீட்டில் சினிமாப் பாட்டு எழுதி அனுப்புகிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறாய். வாசி. நன்றாகவே வாசி. ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-இல் வந்தது. அதில் சிவாஜி வாயசைக்க மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு நாயனம் பக்கம் திரும்பியவர்கள் எத்தனை பேர்! சினிமாவால் நம் தொழில் கெட்டது என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பாட்டை முடித்த கையோடு அதே ராகத்தில் அஞ்சு நிமிஷம் உள்ளே போய்விட்டு வா. சீட்டு அனுப்பின பையன் தலையை நிமிர்த்திப் பார்ப்பான். பார்க்காவிட்டாலும் உனக்கு அஞ்சு நிமிஷம் லாபம்.

ரீல்ஸ் பற்றியும் கேட்டிருந்தாய். போடு, யாரும் தடுக்கவில்லை. ஒன்று மட்டும் கவனி. அரை நிமிஷத்தில் கைதட்டு வாங்குவதற்காக விரலடி வேகத்தையே காட்டிக் காட்டிப் பழகிவிட்டால், விளம்ப காலத்தில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மூச்சு நடுங்கும். நடுங்குகிற பையன்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி காசு. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாசமும் கல்யாணம் கிடையாது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, நமக்கு அது வருமான நிலவரம். வைகாசியிலும் ஆவணியிலும் வருகிற காசைப் பன்னிரண்டு மாசத்துக்குப் பிரித்து வைக்காதவன் ஆடியில் பெரியவரிடம் அட்வான்ஸ் கேட்டுப் போய் நிற்பான். அட்வான்ஸ் வாங்கினவன் தனி செட் போட முடியாது, இருக்கிற செட்டில் வாய் திறந்தும் பேச முடியாது. கோயில் வேலையோ பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர் வேலையோ கிடைத்தால் விடாதே. மாசச் சம்பளம் வாங்கினால் கலை செத்துவிடும் என்று உன்னிடம் சொன்னவர் யாரோ, அவர் வீட்டில் வேறு யாரோ சம்பாதிக்கிறார்கள்.

மரியாதை பற்றி நீ எழுதியிருந்தது எனக்கும் வலித்தது. கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள், உடை மாற்ற மாடிப்படிக்கு அடியில் இடம் காட்டினார்கள் என்று. மேளகாரர்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றபடியே வாசித்த காலம் ஒன்று இருந்தது. ராஜரத்தினம் பிள்ளை மாதிரி ஆட்கள் சண்டை போட்டுத்தான் மேடையில் உட்கார்ந்தார்கள். மண்டபத்தில் நின்றுகொண்டு கத்துவதில் பிரயோஜனமில்லை. புக்கிங் பேசும்போதே அறை, சாப்பாட்டு நேரம், மீதிப் பணம் கைக்கு வரும் நேரம் மூன்றையும் பேசிவிடு. சிரித்துக்கொண்டே பேசலாம், ஆனால் பேசிவிடு.

கல்யாணம் இல்லாத மாசங்களை நம்பிக்கை இழக்கிற மாசங்களாக வைத்துக்கொள்ளாதே. மார்கழியில் பக்கத்துக் கோயிலில் திருப்பள்ளியெழுச்சிக்குப் போய் வாசி. கொடுக்கிறது கொஞ்சம்தான். ஆனால் குளிரில் விறைத்த சீவாளியை வைத்துக்கொண்டு பூபாளத்தையும் பௌளியையும் சுருதி பிசகாமல் எடுத்துப் பழகினவனுக்கு மற்ற பதினொரு மாசமும் வெறும் விளையாட்டு. அர்த்தஜாமத்தில் பள்ளியறைக்கு நீலாம்பரி வாசிக்கவும் கேட்டுப் பார். மெதுவாக, சின்னச் சத்தத்தில் நாயனத்தை ஊதுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் தெரியும்.

சீவாளியும் அப்போதுதான் சேர்க்க வேண்டும். புதுச் சீவாளி முதலில் தடித்த குரலில்தான் பேசும். எச்சிலில் நனைத்து, விரலால் லேசாக அழுத்தி, ஊசியால் வாயைத் திறந்து, தினம் கொஞ்ச நேரம் ஊதிப் பழக்கு. சிலது ஒரு வாரத்தில் செத்துவிடும். சிலது மாசக்கணக்கில் உழைக்கும். எது எப்படி என்று வாங்கும்போது சொல்லவே முடியாது, பத்து வாங்கினால் நாலு தேறும். முகூர்த்தத்தன்றைக்குக் காலையில் புதுச் சீவாளியைக் கெண்டையில் செருகுகிறவன் புத்திசாலி இல்லை. நாயனத்தில் கட்டித் தொங்குகிற கயிற்றில் எப்போதும் பழகின சீவாளி ரெண்டாவது இருக்கட்டும்.

நீ கையில் வைத்திருக்கிற பாரி நாயனத்துக்கே ஒரு கதை உண்டு. அந்தக் காலத்துத் திமிரியில் சுருதி உச்சம், சுத்த மத்தியமமும் சரியாகப் பேசாது, உதட்டால் சரிக்கட்டித்தான் வாசித்தார்கள். ராஜரத்தினம் பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி நீளத்தைக் கூட்டி, துளைகளை மாற்றிச் செய்து கொடுத்ததுதான் இன்றைக்கு நாமெல்லாம் ஊதுகிற பாரி. இன்றும் அந்த ஊரில் இடிக்கிற பழைய வீடுகளின் ஆச்சா மரத் தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்கித்தான் கடைகிறார்கள், புது மரம் வெடித்துவிடும் என்று. 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உனக்கு வாத்தியம் சரியாகப் பேசவில்லை என்று தோன்றினால் ஒரு தடவை நேரில் போய் ஆசாரியிடம் காட்டு. போனில் சொல்கிற விஷயமில்லை அது.

பல்லைப் பார்த்துக்கொள். முன்பல் ஆடினால் சீவாளி பிடிப்பு போய்விடும். கச்சேரி முடிந்து வண்டியில் திரும்பும்போது பாட்டில் திறக்கிற செட்டில் எவ்வளவு காசு கொடுத்தாலும் சேராதே. எத்தனையோ நல்ல கைகள் அந்த வண்டிகளில் போய்ச் சேர்ந்துவிட்டன. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

தனி செட்டுக்கு வருகிறேன். ஆவணி, ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களைப் பெரியவரோடேயே முடி. ஒரே ஒரு ராகத்தை எடுத்துக்கொள், காம்போதி என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கிற ஒவ்வொரு கல்யாணத்திலும் அவரிடம் போய், “அண்ணே, மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால கொஞ்ச நேரம் காம்போதி வாசிக்கட்டுமா?” என்று கேள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார், காபி குடித்துவிட்டு வர அவருக்கும் நேரம் வேண்டுமே. திரும்பி வந்து ஏதாவது குறை சொன்னால் பதில் பேசாமல் கேட்டுக்கொள். தையில் எங்கள் வீட்டுக்கு வந்து எனக்கு வாசித்துக் காட்டு. செட்டுக்கு என்ன பேர் வைப்பது என்பதை அன்றைக்குப் பேசலாம். வரும்போது அந்தத் தவில்காரப் பையனையும் கூட்டிக்கொண்டு வா, அவனிடமும் எனக்கு ரெண்டு கேள்வி இருக்கிறது.

அன்புடன்,
உன் பெரியப்பா முறையுள்ள ஒரு நாயனக்காரன்