பழைய அஞ்சல்தலை: பார்த்து வாங்குவோம்

ஜொகூர் பாருவில் பழம்பொருள் விற்கும் ஒரு கடை. அங்குள்ள ஏட்டில், ஜொகூர் சுல்தானின் உருவம் தாங்கிய நூறாண்டுப் பழைமையான அஞ்சல்தலை ஒன்று ஒட்டப்பட்டுள்ளது. விலையோ பல நூறு ரிங்கிட். அது உண்மையில் அரிய அஞ்சல்தலையா? அல்லது யாரோ திருத்தி மெருகேற்றியதா? இதை அறியாமல் வாங்குபவரின் சேமிப்பு ஒரே நாளில் வீணாகிவிடக்கூடும்.

ஜொகூரின் அஞ்சல்தலை வரலாறு 1876-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. நீரிணைக் குடியேற்றங்களின் 2 காசு அஞ்சல்தலை மீது பிறையும் விண்மீனும் அச்சிடப்பட்டன. ஏற்கெனவே அச்சான அஞ்சல்தலையின் மேல் மீண்டும் அச்சிடுவதை மேலச்சு என்பர். 1891-இல் சுல்தான் அபு பக்காரின் உருவத்துடன் அஞ்சல்தலைகள் வெளிவந்தன. 1895-இல் அவர் மறைந்தபின் சுல்தான் இப்ராகிம் முடிசூடினார். அதன் நினைவாக 1896-இல், முன்னைய அஞ்சல்தலைகள் மீது முடிசூட்டு விழாவைக் குறிக்கும் மலாய்ச் சொல் மேலச்சிடப்பட்டது. சிலவற்றில் அச்சொல்லின் ஓர் எழுத்து தவறாக அச்சானது. இத்தகைய அச்சுப்பிழை அஞ்சல்தலையின் விலையைக் கூட்டும். கிழிசலும் கறையும் விலையைக் குறைக்கும். இரண்டும் குறைகளே எனினும் ஒன்றல்ல.

மேலச்சு ஒன்றினால் விலை பன்மடங்கு உயர்வதால், மலிவான அஞ்சல்தலையில் போலி மேலச்சைப் பதிப்பவர்களும் உண்டு. இதைக் கண்டறிய வழிகள் உள்ளன. முதலாவது, மையின் வரிசை. உண்மையான அஞ்சல்தலையில் மேலச்சு முதலில் பதிந்திருக்கும். அஞ்சலக முத்திரை அதன்மேல் விழுந்திருக்கும். உருப்பெருக்கியில் பார்க்கும்போது மேலச்சு முத்திரைக்கு மேல் படிந்திருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். இரண்டாவது, நாள். 1896-இல் வெளியான அஞ்சல்தலையில் 1893-ஆம் ஆண்டு முத்திரை இருக்க முடியாது. மூன்றாவது, தாளினுள் தெரியும் நீர்க்குறி. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் மகுடத்துடன் 'சிஏ' எழுத்துகள் கொண்ட தாள் 1882-இல்தான் புழக்கத்திற்கு வந்தது. ஆகவே, 1876-ஆம் ஆண்டு அஞ்சல்தலை என்று காட்டப்படுவதில் அந்த நீர்க்குறி இருந்தால், அது போலியே.

வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்பார்கள். இது அஞ்சல்தலைக்கும் பொருந்தும். ஜொகூர் 50, 100, 500 வெள்ளி மதிப்புள்ள அஞ்சல்தலைகளையும் வெளியிட்டது. அவ்வளவு பணம் செலுத்தி யார் கடிதம் அனுப்புவார்? அவை பெரும்பாலும் பத்திரங்களில் வரி செலுத்தவே பயன்பட்டன. வரிக்குப் பயன்பட்டதன் விலை குறைவு. அஞ்சலில் பயன்பட்டதன் விலை அதிகம். எனவே, சிலர் பேனா மையை இரசாயனத்தால் கழுவி நீக்கிவிட்டு, போலி அஞ்சல் முத்திரையைக் குத்திவிடுகின்றனர். கண்ணுக்குத் தெரியாத அந்த மைத்தடம் பெரும்பாலும் புற ஊதா விளக்கில் புலப்படும். நிறம் இயல்புக்கு மாறாக வெளுத்திருப்பதும் ஓர் அடையாளம்.

போலி அல்லாதவற்றிலும் சேதம் மறைக்கப்பட்டிருக்கலாம். அஞ்சல்தலையின் முன்புறத்தை மட்டும் பார்த்து மயங்காமல், இடுக்கியால் பிடித்துப் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். ஒளிக்கு எதிரே பிடித்தால், உரிந்து மெலிந்த இடம் பளிச்சென்று தெரியும்; ஒட்டுப்போட்ட கிழிசலும் நிரப்பப்பட்ட துளையும் கருமையாகத் தெரியக்கூடும். நான்கு ஓரங்களிலும் உள்ள பற்களைத் துளை அளவியால் அளக்க வேண்டும். ஓர் ஓரம் மட்டும் மிக நேராகவோ அளவு மாறியோ இருந்தால், அது வெட்டப்பட்டு மீண்டும் துளையிடப்பட்டிருக்கலாம். ஆனால், சோதிப்பதற்காக நீரில் நனைக்கக் கூடாது. சில பழைய அஞ்சல்தலைகளின் மை நீர் பட்டாலே கரைந்துவிடும்.

பழுதுபார்ப்பது குற்றமன்று, பழுதுபார்த்ததை மறைத்து விற்பதே குற்றம். எனவே, வாங்குபவர் தயங்காமல் விவரம் கேட்க வேண்டும். விலை மிகுந்ததாயின், நிபுணர் குழுவின் சான்றிதழைக் கேட்பது நல்லது. இலண்டன் அரச அஞ்சல்தலைக் கழகத்தின் நிபுணர் குழு 1894-ஆம் ஆண்டு முதல் இப்பணியைச் செய்து வருகிறது.

நம் வீட்டிலேயே பாட்டனார் காலத்துக் கடித உறைகள் இருக்கலாம். அவற்றிலுள்ள அஞ்சல்தலையைக் கிழித்தெடுக்க வேண்டா. மூவார், குளுவாங், சிகாமட் என ஊரும் நாளும் பதிந்த முத்திரையுடன் உறை முழுமையாக இருந்தால்தான், அக்கடிதம் எங்கிருந்து, எப்போது புறப்பட்டது என்பது பின்வருவோருக்குத் தெரியும். ஓர் அஞ்சல்தலையைத் திருத்துபவர் விலையை மட்டும் மாற்றுவதில்லை. அது சொல்லும் வரலாற்றையும் மாற்றுகிறார்.