குழந்தைகளுக்கு நெஞ்சில் சளி கட்டுவது ஏன்?

டில்லியில் குளிர் தொடங்கியதும் நம் வீடுகளில் குழந்தைகளின் இருமல் சத்தமும் தொடங்கிவிடும். "இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியைப் பெரும்பாலும் உண்டாக்குபவை கிருமிகளே. ஜன்னல்களை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருக்கும்போது அவை எளிதில் பரவுகின்றன.

கிருமிகள் எவை?

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அதிகம் தாக்குவது ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ். பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்து போகும் இது, கைக்குழந்தையின் நுண்ணிய மூச்சுக்குழாய்களை வீங்கச் செய்து அடைத்துவிடும். இன்ஃபுளுயன்சாவும் தட்டம்மையும்கூட நுரையீரலைத் தாக்கலாம். பாக்டீரியாக்களில் முக்கியமானவை நியூமோகாக்கஸ், ஹிப் ஆகிய இரண்டும். ஆண்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவுக்குத்தான், வைரஸிடம் பலிக்காது. சென்ற முறை மிஞ்சிய மருந்தை நாமே எடுத்துக் கொடுப்பது தவறு.

கிருமிக்கு வழிவிடுபவை

எடை குறைந்து பிறத்தல், சத்துக்குறைவு, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்காதது ஆகியவை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கின்றன. அடுத்த எதிரி புகை. பீடி, சிகரெட், கொசுவர்த்தி, நாம் விரும்பிப் போடும் சாம்பிராணி எல்லாமே பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாதவை. மூடிய அறையில் அங்கீட்டி மூட்டினால் அதன் நச்சுவாயு உயிரையே பறிக்கலாம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கிருமி இல்லாமலே நிமோனியா வரும்.

தடுப்பூசி

ஹிப் கிருமியைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது. அரசுத் திட்டத்தில் இதை 2011-இல் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். நியூமோகாக்கஸ் ஊசி 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-இல் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. இது 6, 14 வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும். இரண்டும் அரசு மையங்களில் இலவசம். பிரசவத்துக்கு ஊருக்குச் சென்று திரும்பும் தாய்மார்கள் தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள். மீதி ஊசிகளை இங்கேயே தொடரலாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது ஆபத்தின் அறிகுறி. இதைத்தான் அக்கம்பக்கத்தார் இந்தியில் "பஸ்லி சல்னா" என்பார்கள். பால் குடிக்க மறுத்தல், உதடு நீலம் பாரித்தல், எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல் ஆகியவை தோன்றினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுவதும் குணமடைகிறார்கள்.