பரண் வழியாகப் போகும் வயர்



நம்ம வீட்டுப் பரணில் என்னென்ன கிடக்கு என்று கேட்டால் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவோம். பழைய அண்டா, சாக்கு மூட்டை, ஒட்டுவதற்கு வாங்கி வந்த தீப்பெட்டி அட்டை, குழாய் சுற்றும் காகிதக் கட்டு. அதுக்கு நடுவே கரண்டு வயர் எந்தப் பக்கம் போகுது என்று கேட்டால்தான் பதில் வராது.

ஓட்டு வீடோ, சிமெண்ட் ஷீட் வீடோ, சித்திரை வெயிலில் கூரைக்கு அடியில் நிற்க முடியாது. வயருக்கும் அப்படித்தான். சூடான இடத்தில் அது குறைந்த கரண்டைத்தான் தாங்கும். மேலே சாக்கு மூட்டையை வைத்தால் சூடு வெளியேற வழியில்லை. நாளாக நாளாக உறை வெடித்துவிடும். மீதியை எலி பார்த்துக்கொள்ளும்.

லைட் வயரிலேயே பிளக் எடுப்பது நம்ம பக்கம் சர்வ சாதாரணம். எல்.இ.டி. பல்புக்கு 9 வாட் போதும். 2000 வாட் கரண்டு அடுப்போ கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அப்போது டேப் சுற்றிய ஜாயிண்ட்தான் முதலில் சூடாகிப் பொறி தட்டும். கீழே காகிதம் கிடந்தால் வேறென்ன வேண்டும்? அடிக்கடி பியூஸ் போகுதுன்னு தடித்த கம்பியைக் கட்டினால், வயர் எரிந்தாலும் பியூஸ் போகாது.

பரணில் வயர் முழுவதும் பி.வி.சி. பைப்புக்குள், சாமான் படாத உயரத்தில், கிளாம்ப் அடித்துப் போகட்டும். ஜாயிண்ட் தவிர்க்க முடியாவிட்டால் மூடி போட்ட ஜங்ஷன் பெட்டிக்குள் இருக்கணும். லைட்டுக்கு 1.5, சாதாரண பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஐ.எஸ்.ஐ. செப்பு வயர், கூடவே பச்சை எர்த் வயர். மெயினில் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் வேணும். முன்னது லோடு கூடினால் விழும், பின்னது கரண்டு கசிந்தால் விழும். வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்யட்டும்.

2021 ஜூனில் நம்ம தாயில்பட்டியில் வீட்டில் வைத்துச் செய்த பட்டாசு வெடித்து உயிர்கள் போனதை மறக்க முடியுமா? அதுக்குக் கரண்டு காரணம் என்று சொல்ல வரவில்லை. மருந்து, திரி எதுவும் வீட்டுக்குள் வரவே கூடாது. வயரிங் நல்லா இருக்கு என்பது அதுக்குச் சமாதானம் ஆகாது.

வயரிங் மாற்றக் கடன் கேட்டால், "இதுல என்ன வருமானம்?" என்று குழுவில் பேச்சு வரும். காது குத்துக்குக் கொடுக்கிறோமே, இதுக்குக் கொடுக்கக் கூடாதா? அடுத்த கூட்டத்துக்குள் ஒரு நாள் பகலில் மெயினை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டோடு ஏறிப் பாருங்க. எந்த வயரையும் கையால் தொட வேண்டாம். பார்த்ததைச் சொல்லி வயர்மேனிடம் செலவுக் கணக்கு எழுதி வாங்கி வந்தால், தீர்மான நோட்டில் ஏற்றிப் பேசலாம்.