பழைய கார் வாங்குமுன்: விலை ஒன்று, செலவு வேறு

திருவனந்தபுரத்தில் சிக்கனமாகக் கார் வாங்க விரும்பும் குடும்பங்கள் பலவற்றின் நாட்டம் இன்று சிறிய எஸ்.யூ.வி. வண்டிகளின் பக்கம் திரும்பியுள்ளது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளம் நகரின் குறுகிய, ஏற்ற இறக்கமான தெருக்களுக்குப் பொருந்துகிறது. உயர்ந்த அடிப்பாகம் மழைக்காலக் குழிகளைத் தாண்ட உதவுகிறது. பிரெஸ்ஸா 2016 இலும், நெக்ஸான் 2017 இலும், வென்யூ 2019 இலும் விற்பனைக்கு வந்தமையால், சில ஆண்டுகள் ஓடிய வண்டிகள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோர் முதலில் கற்க வேண்டிய பாடம், கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடக் கூடாது என்பதே.

பணக் கணக்கு

சேமிப்பும் கடனுமாக நம்மிடம் 6,00,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். விலையை 5,25,000 ரூபாய்க்குள் நிறுத்தி, எஞ்சிய 75,000 ரூபாயைப் பெயர் மாற்றம், காப்பீடு, டயர், பேட்டரி, முதல் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஒதுக்குவது நன்று.

கடனின் காலமும் விலையின் ஒரு பகுதியே. 4,00,000 ரூபாய்க் கடனுக்கு ஆண்டு வட்டி 11 விழுக்காடு எனக் கொண்டால், மூன்றாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 13,095 ரூபாய். ஐந்தாண்டுத் தவணை 8,697 ரூபாய். பின்னது இலேசாகத் தோன்றினும், மொத்த வட்டி சுமார் 50,000 ரூபாய் கூடுகிறது. கடன் தீருமுன் வண்டி மேலும் முதுமையடைவதையும் நாம் எண்ண வேண்டும்.

களியக்காவிளைக்கு அப்பால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பதிவெண் கொண்ட வண்டிகள் மலிவாகத் தோன்றலாம். அவற்றைக் கேரளத்தில் நிலையாக வைத்துக்கொள்ளத் தமிழ்நாட்டு அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும், கேரள வரியும், புதிய பதிவெண்ணும் தேவை. இச்செலவைக் கூட்டிய பின்னரே விலையை ஒப்பிட வேண்டும்.

வண்டியின் நிலை

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளமெங்கும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. இருக்கைப் பட்டையை இறுதிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை வெளிப்படலாம். தரைவிரிப்பின் அடியையும் மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியையும் பார்ப்பது நன்று. சங்குமுகம், வலியதுறை, விழிஞ்ஞம் போன்ற கடலோரப் பகுதிகளில் நின்ற வண்டியாயின், உப்புக்காற்றால் அடிப்பாகம் துருப்பிடித்துள்ளதா என அறிய, பணிமனையில் அதைத் தூக்கிவைத்துச் சோதிக்க வேண்டும். நமக்கு அறிமுகமான மெக்கானிக்கே இதைச் செய்வது பாதுகாப்பானது.

ஆவணங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் ஹைப்போதிகேஷன் பதிவு உள்ளதா என்பதை நோக்க வேண்டும். விற்பவர் கடனை அடைத்திருந்தாலும், கடன் கொடுத்த நிறுவனத்தின் சான்றும் படிவம் 35 உம் அளிக்கப்பட்டால்தான் அப்பதிவு நீங்கும். எந்திர எண், சேசிஸ் எண், நிலுவையிலுள்ள அபராதம் ஆகியவற்றைப் பரிவாகன் தளத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

உடைமை மாற்றத்திற்குப் படிவம் 29, 30 இரண்டும் தேவை. வாங்குபவர் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்திற்கும், 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்திற்கும் விண்ணப்பிக்க வேண்டும். காப்பீடு நம் பெயருக்கு மாறாவிடில், நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்திற்கு இழப்பீடு கிடைப்பது அரிது. பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் நமக்கு வராது என்பதால் பிரீமியம் உயரக்கூடும்.

இது விற்பவருக்கும் உரிய பாடம். பல கைகள் மாறியும் பதிவேட்டில் பெயர் மாறாத ஒரு கார் 2009 இல் விபத்துக்குள்ளாகிக் குழந்தையொன்று இறந்தது. பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே, பெயர் மாற்றத்திற்கான தாள்கள் அனைத்தும் கையெழுத்தாகிக் கைக்கு வரும்வரை முழுத் தொகையையும் செலுத்தாதிருப்போம். முன்பணத்தையும் வங்கிக் கணக்கின் வழியே செலுத்தி, ரசீது பெற்றுக்கொள்வோம்.