காய்ச்சலோடு வலது பக்க வயிற்றுவலியா? "கேஸ்" என்று இருந்துவிடாதீர்கள்



நம்மில் பலருக்கு வன்னியில் சொந்தக்காரர் உண்டு. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போய் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கம் குடியேறிய குடும்பங்கள் அவை. 2009இல் யுத்தம் முடிந்தபோது வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் வவுனியா, செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்தார்கள். சன நெருக்கடி, தண்ணீர்த் தட்டுப்பாடு, போதாத மலசலகூடம். அந்த வருஷமே அங்கே செங்கண்மாரி பரவியது. காரணம் ஹெப்படைட்டிஸ் ஏ என்னும் வைரஸ். மலம் கலந்த தண்ணீராலும் சாப்பாட்டாலும் தொற்றுவது இது. நம்ம லயத்துப் பீலித் தண்ணீருக்கும் இந்த ஆபத்து உண்டு.

இந்த வைரஸ் ஈரலைத்தான் தாக்கும் என்று நமக்குத் தெரியும். சிலருக்குப் பித்தப்பையும் வீங்கும் என்பது பலருக்குத் தெரியாது.

பித்தப்பை எங்கே இருக்கிறது?

வலது பக்க விலா எலும்புக்குக் கீழே, ஈரலோடு ஒட்டியிருக்கும் சின்னப் பை. கொழுப்புச் சாப்பாடு செரிக்க உதவும் பித்தநீர் அதில் சேர்ந்திருக்கும். இந்தப் பை அழற்சியடைவதற்குப் பெரும்பாலும் கல்தான் காரணம். ஆனால் கல்லே இல்லாமலும் வீக்கம் வரலாம். செங்கண்மாரியில் ஈரல் வீங்கும்போது பக்கத்திலுள்ள பித்தப்பையும் சேர்ந்து வீங்குகிறது. டெங்குவில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் பித்தப்பையின் சுவர் தடிக்கிறது.

டெங்கு நமக்குப் புதிதல்ல. 2017இல் மட்டும் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் வந்தது. வடக்கில் மாரி மழையோடு கூடும். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகளும், பொங்கலுக்கு வன்னி போய்த் திரும்புகிறவர்களும் காய்ச்சலோடு வரலாம்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

1. காய்ச்சலோடு, அல்லது கண் மஞ்சளாக இருக்கும்போது, வலது மேல் வயிறு கடுமையாக வலித்தால். வலி வலது தோளுக்கும் பரவலாம்.
2. விடாமல் வாந்தி எடுத்தால்.
3. சிறுநீர் குறைந்தால், இரத்தம் கசிந்தால், ஆள் சோர்ந்து போனால்.

டெங்குவில் காய்ச்சல் விட்டதும் "சுகமாயிற்று" என்று பெரட்டுக்குப் போய்விடாதீர்கள். ஆபத்தான நேரம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தம் சோதிக்க வேண்டும்.

வைத்தியரிடம் எதைச் சொல்ல வேண்டும்?

வயிற்றுவலி என்று மட்டும் சொல்லாதீர்கள். காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது, எங்கே போய் வந்தோம், லயத்தில் வேறு யாருக்காவது செங்கண்மாரி உண்டா என்பதையும் சொல்லுங்கள். அதைக் கேட்டு, இரத்தமும் ஸ்கேனும் பார்த்துத்தான் அவர்கள் முடிவு எடுப்பார்கள். வைரஸால் வந்த வீக்கம் பெரும்பாலும் நோய் தணியும்போது தானாகவே வற்றிவிடும், ஒப்பரேஷன் தேவைப்படாது. டெங்குவில் தேவையில்லாமல் வெட்டினால் இரத்தம் நிற்காமல் போகக்கூடும். சிலருக்கு மட்டும் பை பழுதாகி ஒப்பரேஷன் தேவைப்படலாம். அதை வைத்தியர் தீர்மானிப்பார்.

வீட்டில் செய்யக் கூடாதவை

வலி போக்கும் டைக்ளோபெனக், இபுபுரோபென், அஸ்பிரின் குளிசைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். டெங்குவில் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பனடோல் போதும், அதுவும் அளவோடு. கண் மஞ்சளாக இருந்தால் அதையும் வைத்தியரைக் கேட்டே கொடுங்கள். வயிற்றில் எண்ணெய் தேய்த்து அமுக்கவும் வேண்டாம்.

வருமுன் காக்க

தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். மலசலகூடம் போய் வந்தபின்னும், சாப்பிடும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பீலிக்கு மேலே யாரும் அசுத்தம் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லயத்தைச் சுற்றிக் கிடக்கும் டயர், தயிர்ச்சட்டி, போத்தல்களை அகற்றினால் நுளம்பு பெருகாது.

ஒரு நாள் பேர் போனால் அடுத்த நாள் உழைக்கலாம். காய்ச்சலோடு வயிறு வலித்தால் அன்றைக்கே ஆளைக் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள்.