வட்டம் ஏன் முட்டை ஆனது?
(லினக்ஸ் கணினியில் திரை அளவுக் கோளாறு)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். கவிதை எனக்கு வராது. எனவே போன வருஷம் என் வீட்டுக் கணினியோடு நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். நம்மில் பலர் பழைய கணினி வாங்கி லினக்ஸ் போட்டுத்தான் படிக்கிறோம். யாருக்காவது உதவும்.

என் ஊர் ஓடைப்பட்டி. அப்பாவுக்குத் திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டும் வேலை. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா சீட்டுப் போட்டு எடுத்த பணத்தில் 6,500 ரூபாய் கொடுத்துப் பழைய கணினி ஒன்று வாங்கினோம். 19 அங்குல அகலத் திரை. அதில் டெபியன் லினக்ஸும் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்திரையும் போட்டேன். லினக்ஸ் எனக்குப் புதிது அல்ல. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு போஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய அதுவும் டெபியன் மேல் கட்டியதுதான். பலரும் அதை அழித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் அழிக்காமல் வைத்திருந்தார். அதில் பழகியவன் நான்.

கணினி ஓடியது. ஆனால் எழுத்தெல்லாம் பட்டையாக, மங்கலாகத் தெரிந்தது. தமிழில் ஒற்றுப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பழைய திரை, இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

பொறியியல் வரைபடப் பாடத்துக்காக லிப்ரேகேட்-இல் ஒரு ஃபிளாஞ்ச் வரைந்தேன். 60 மி.மீ. வட்டம் போட்டால் திரையில் படுத்த முட்டை மாதிரி இருக்கிறது. மென்பொருள்தான் தப்பு செய்கிறது என்று நினைத்து, 50-க்கு 60 என்று நீள்வட்டம் போட்டேன். அழகான வட்டமாகத் தெரிந்தது! அச்செடுத்துக் கொண்டுபோனேன். சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கோழி முட்டைக்கு போல்ட் போடப் போறியா?" என்றார். வகுப்பே சிரித்தது.

வீட்டில் சொன்னதும் அப்பா முகம் வாடிவிட்டது. "திரை கெட்டதா தம்பி? தோட்டத்துல முன்பணம் கேட்டு வேற வாங்கிருவோமா?" என்றார். முன்பணம் வாங்கினால் எத்தனை நாள் கூலியில் கழியும் என்று எனக்குத் தெரியும். "ரெண்டு நாள் பொறுங்கப்பா" என்றேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். என் திரையில் உள்ள புள்ளிகள் அகலத்தில் 1440, உயரத்தில் 900. கணினி அனுப்பியதோ 1024-க்கு 768. திரை அதை இழுத்துப் பரப்புகிறது. அகலத்தில் 1440-ஐ 1024-ஆல் வகுத்தால் 1.41 மடங்கு. உயரத்தில் 900-ஐ 768-ஆல் வகுத்தால் 1.17 மடங்கு. ஆக உயரத்தைவிட அகலம் 1.2 மடங்கு கூடுதலாக இழுபடுகிறது. 50 மி.மீ. என்று நான் போட்டது 60 போலத் தெரிந்த மர்மம் இவ்வளவுதான்.

கணினி ஏன் தப்பான அளவை அனுப்பியது? ஒவ்வொரு திரைக்குள்ளும் ஒரு சின்ன நினைவகச் சில்லு உண்டு. அதில் 128 பைட்டில் திரையின் விவரம் எழுதியிருக்கும்: யார் தயாரிப்பு, எத்தனை சென்டிமீட்டர், எந்தெந்த அளவு ஏற்கும் என்று. இதற்குப் பெயர் ஈடிஐடி. வீசா என்ற அமைப்பு 1994-இல் கொண்டுவந்தது. 15 பின் உள்ள விஜிஏ கேபிளில் 12-ஆவது பின் தகவலுக்கு, 15-ஆவது பின் கடிகாரத் துடிப்புக்கு. நாம் பாடத்தில் படிக்கும் ஐ-ஸ்கொயர்-சி முறையேதான். இந்த இரண்டில் ஒன்று அறுந்தாலும் நிறம், படம் எல்லாம் ஒழுங்காக வரும். விவரம் மட்டும் வராது. வந்திருப்பது யார் என்று தெரியாமல் லினக்ஸ் பத்திரமாக 1024-க்கு 768 என்று நின்றுகொள்ளும்.

இதை நான் முதலில் பார்க்கவில்லை என்பதுதான் வெட்கம். யாரோ சொன்னார்கள் என்று கிரப் அமைப்பில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்து வைத்தேன். அது கிராஃபிக்ஸ் டிரைவரையே வேலை செய்யவிடாமல் தடுக்கும் சொல். நிலைமை இன்னும் மோசமாகி ஓர் இரவு வீணாயிற்று. உங்கள் கணினியில் அது இருந்தால் முதல் வேலையாக எடுத்துவிட்டு, அப்டேட்-கிரப் கொடுத்து மறுபடி தொடங்குங்கள்.

பிறகு டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் கட்டளை கொடுத்தேன். எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்று ஆறே எழுத்து. விஜிஏ-1 இணைந்திருக்கிறது என்று வந்தது. ஆனால் அதே வரியின் கடைசியில் திரையின் நீள அகலம் 0 மி.மீ., 0 மி.மீ. என்று இருந்தது. கீழே 1024, 848, 800, 640 தவிர வேறு அளவே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஈடிஐடி வரவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் கேபிளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனேன். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டேன். 12-ஆவதில் பீப் வரவில்லை. மூன்றாவது வரிசையில் இரண்டாவது பின் அது. 9-ஆவது பின்னே இல்லாத கேபிள்கள் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கேபிள் வாங்கச் சின்னமனூர் போக ஞாயிறு வரை ஆகும். அதுவரை கட்டளையால் சமாளித்தேன். சிவிடி என்று அடித்து 1440 900 என்று கொடுத்தால் ஒரு நீண்ட எண் வரிசை வரும். 106.50 என்பது மெகாஹெர்ட்ஸ். தொடர்ந்து வரும் எண்களில் 1904, 934 என்பவை கண்ணுக்குத் தெரியாத ஓரங்களையும் சேர்த்து மொத்தப் புள்ளி, மொத்த வரி. இரண்டையும் பெருக்கி, 10 கோடியே 65 லட்சத்தை அதனால் வகுத்தால் 59.89 வரும். ஒரு விநாடிக்கு அத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது. கணக்கு ஒத்துவந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. அந்த வரிசையை எக்ஸ்ரேண்டருக்கு நியூமோட் என்று கொடுத்து, ஆட்மோட் என்று விஜிஏ-1-இல் சேர்த்து, அவுட்புட், மோட் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த நான்கு சொல்லுக்கும் முன்னால் இரட்டைக் கோடு மறக்கக் கூடாது. திரை ஒரு நொடி கறுத்து, மீண்டும் வந்தபோது எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

இரண்டு எச்சரிக்கை. கணினியை அணைத்தால் இது போய்விடும். நிலைக்க வேண்டுமானால் எக்ஸ்11 அடைவில் உள்ள மானிட்டர் பகுதியில் அதே வரியை எழுத வேண்டும். அடுத்து, வேலாண்ட் முறையில் ஓடும் மேசைத்திரைகளில் எக்ஸ்ரேண்டரால் அளவை மாற்ற முடியாது. அங்கே கிரப்பில் வீடியோ=விஜிஏ-1:1440எக்ஸ்900@60 என்று கொடுத்துப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை 120 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கினேன். மாட்டியதும் எந்தக் கட்டளையும் இல்லாமல் தானே 1440-க்கு 900 வந்து நின்றது. ஃபிளாஞ்சைத் திரும்ப வரைந்தேன். அப்பா ஒரு டம்ளரைக் கொண்டுவந்து திரையின் மேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

பழைய கேபிளை எறியவில்லை. லேப் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. 12-ஆவது பின்னில் பீப் வராததைக் கேட்க விரும்புகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, தயவுசெய்து அங்கேயே வைத்துவிடுங்கள். நல்ல கேபிள் என்று நினைத்து யாராவது மாட்டிவிடப் போகிறார்கள்.